விட்டு விட்டு வரும் இணையம்

இணைய இணைப்பு அடியோடு நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வயர் அறுந்திருக்கும், பெட்டி எரிந்திருக்கும், அல்லது ரீசார்ஜ் முடிந்திருக்கும். ஆளைப் படுத்துவது விட்டு விட்டு வருகிற இணைப்புதான். காலையில் ஒழுங்காக ஓடும். பதினொரு மணிக்கு அலுவலகக் கூட்டம் நடக்கையில் திரையில் முகங்கள் உறைந்து நிற்கும். புகார் கொடுத்து, மாலையில் லைன்மேன் வந்து பார்க்கும்போது படம் ஜோராக ஓடும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிடுவார். அவர் சொல்வது பொய்யல்ல. அந்த நிமிடத்தில் பழுது அங்கே இல்லை. அதனால் இவ்வகைப் பழுதில் முதலில் அது தலைகாட்டும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு, பாதையில் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். கனெக்டரை மாற்றுவதும் ரௌட்டரை மாற்றுவதும் அதற்குப் பின்தான். வரிசை மாறினால் புது ரௌட்டருக்குக் கொடுத்த பணம் போகும், பழுது அப்படியே இருக்கும்.

வீட்டுக்குள் வருவது எந்த வயர்?

தமிழ்நாட்டில் ‘கேபிள் நெட்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூன்று வகை வயர்களில் ஏதோ ஒன்றின் வழியே வீட்டுக்குள் நுழைகிறது. மூன்றுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

சுண்டுவிரல் தடிமனுக்குச் சற்றுக் குறைந்த உருண்டையான வயர், முனையில் திருகி மாட்டும் உலோகக் கனெக்டர், அதன் நடுவே ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி என்றிருந்தால் அது கோஆக்ஸியல் வயர். டிவிக்கு வந்த அதே கேபிள்தான். இதில் இணையத்தை அனுப்பும் முறைக்கு டாக்சிஸ் என்று பெயர். அதன் முதல் தரநிலை 1997இல் வந்தது. மெல்லிய, தட்டையான கருப்பு வயர் வந்து, அதன் முடிவில் பச்சை அல்லது நீல நிற பிளாஸ்டிக் முனை இருந்தால் அது ஃபைபர். இன்று புதிதாகக் கொடுக்கப்படும் இணைப்புகளில் பெரும்பாலானவை இதுவே. மூன்றாவது வகை, எட்டு இழைகள் கொண்ட லான் வயர். ஃபைபர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலோ பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலோ உள்ள ஒரு ஸ்விட்ச் பெட்டியோடு நின்றுவிட, அங்கிருந்து வீட்டுக்கு லான் வயர் மட்டும் ஓடியிருக்கும்.

எந்த வயராக இருந்தாலும் பாதை நான்கு துண்டுகள் கொண்டது. கைபேசியிலிருந்து ரௌட்டர் வரை காற்றில் போகும் வை-ஃபை ஒன்று. ரௌட்டரும் மோடமும் அவற்றுக்கு மின்சாரம் தரும் அடாப்டரும் ஒன்று. வீட்டிலிருந்து தெருக்கம்பம் வரை போகும் வயர் ஒன்று. அதற்கு அப்பால் கேபிள்காரரின் அறையும் அவர் இணைப்பு வாங்கும் நிறுவனமும் ஒன்று. பழுது இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். சில நேரம் இரண்டில் இருக்கும். அப்போதுதான் ஒன்றைச் சரிசெய்தும் குணமாகவில்லை என்று எல்லோரும் குழம்புவார்கள்.

மூன்று நாள் குறிப்பு

ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பேனாவும் ரௌட்டர் பக்கத்திலேயே கிடக்கட்டும். இணைப்பு போகும் ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை நிமிடம் போனது, பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, வீட்டில் எல்லாக் கருவியிலும் போனதா ஒன்றில் மட்டுமா, அப்போது வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். மழை பெய்தது, மோட்டார் போட்டார்கள், கரண்ட் வந்து போனது, காற்று பலமாக அடித்தது என்பவை அற்பச் செய்திகளாகத் தோன்றும். பழுதின் முகவரி அங்கேதான் இருக்கும்.

தினமும் இரவு எட்டரைக்கு மேல் மந்தமாகி, பதினொன்றரைக்குச் சரியாகிறது என்றால் அது நெரிசல். மழை பெய்து முடிந்த சில மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, வெயில் ஏற ஏறச் சரியாகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காற்றடிக்கும்போது மட்டும் போனால் கம்பத்திலிருந்து வரும் வயர் ஆடுகிறது, அல்லது மரக்கிளையில் உரசுகிறது. மோட்டார் போட்டதும் போனால் மின்னழுத்தம் இறங்கி அடாப்டர் தடுமாறுகிறது. படுக்கையறையில் மட்டும் போனால் வை-ஃபை. சரியாக இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் போனால், வயரில் குறையே இல்லை. நிறுவனத்தின் சர்வர் அந்தக் கணக்கின் இணைப்பை முடித்து மறுபடி தொடங்கச் சொல்கிறது. இப்படி மூன்று நாள் எழுதினாலே பாதிப் பழுதுகளின் காரணம் தாளில் தெரிந்துவிடும்.

இரண்டு ஜன்னல் சோதனை

நேரம் தெரிந்த பிறகு, இடத்தைத் தெரிந்துகொள்ள பிங் என்ற சிறு கட்டளை போதும். கணினியிலிருந்து ஒரு முகவரிக்கு ஒரு துளித் தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று அது காட்டும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கட்டளையின் கடைசியில் ஒரு கழித்தல் குறியும் டி என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நிறுத்தும்வரை நொடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு ஜன்னல்களைப் பக்கம் பக்கமாகத் திறப்பதில்தான் இந்தச் சோதனையின் பலன் இருக்கிறது. ஒன்றில் ரௌட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ரௌட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே அச்சாகியிருக்கும். மற்றொன்றில் வெளியுலக முகவரி ஒன்று, கூகுளின் 8.8.8.8 நினைவில் வைக்க எளிது. கணினி ரௌட்டருடன் லான் வயரால் இணைந்திருக்க வேண்டும். வை-ஃபையில் இந்தச் சோதனை செய்தால் இரண்டு துண்டுகள் ஒன்றாகக் கலந்துவிடும். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் லான் துளை இல்லை. யூஎஸ்பியில் மாட்டும் சிறு லான் அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சோதனை ஓடும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரவு மணி 9.14. முதல் ஜன்னலில் 1, 1, 1, 2, 1 என்று எண்கள் ஒழுங்காக இறங்குகின்றன. இரண்டாவதில் 14, 15, 14, 16, திடீரென்று 212, அடுத்த வரியில் 480, பிறகு நான்கு வரிகளுக்குப் பதில் வரவில்லை என்ற அறிவிப்பு, பிறகு மறுபடி 15. அந்த ஆறு வரிகள் நடந்த நேரமெல்லாம் முதல் ஜன்னல் 1, 1, 1 என்றே போனது. இதற்கு ஒரே பொருள்தான். கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவே குறையில்லை. ரௌட்டரிலிருந்து வெளியே போகும் வழியில் இருக்கிறது. இரண்டு ஜன்னல்களும் சேர்ந்தே தடுமாறினால் குறை ரௌட்டரிலோ அதன் மின்சாரத்திலோ வீட்டு வயரிலோ இருக்கிறது.

இன்னும் ஒரு படி நெருங்க ட்ரேஸ்ரூட் கட்டளை உதவும். அது வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் வரிசையாகக் காட்டும். முதல் வரி வீட்டு ரௌட்டர். இரண்டாவது வரி பெரும்பாலும் கேபிள் நிறுவனத்தின் முதல் நிறுத்தம். அந்த இரண்டாவது முகவரிக்கு மூன்றாவது ஜன்னல் ஒன்று திறந்து பிங் ஓடவிட்டால், குறை தெரு வயரிலா அதற்கும் அப்பாலா என்பது பிரிந்துவிடும். இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. நடுவழியில் உள்ள சில கருவிகள் பிங் கேள்விக்குப் பதில் சொல்லாதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு வரி வெறும் நட்சத்திரக் குறிகளாக இருந்தும் கடைசி முகவரியிலிருந்து பதில் ஒழுங்காக வருமானால் அது பழுதில்லை. அந்த ஒரு வரியைக் காட்டிக் கேபிள்காரரிடம் சண்டை போட்டால், அடுத்த முறை உண்மையான குறையைச் சொல்லும்போது அவர் காது கொடுக்க மாட்டார்.

வை-ஃபை

வயரில் நன்றாக ஓடி, வை-ஃபையில் மட்டும் தடுமாறினால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. ரௌட்டரை வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும். டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் கதவுக்குள், பரண்மேல், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் என்று கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் இரும்பும் ரேடியோ அலையை விழுங்குகின்றன. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த அலமாரியில் வைப்பதற்கு ஈடான சிகிச்சை வேறில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி தூரம் போகும். ஆனால் அடுக்ககங்களில் பக்கத்து வீடுகளின் சிக்னல்கள் எல்லாம் அதிலேயே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஒன்றின்மேல் ஒன்று விழாத சேனல்கள் அதில் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். இரண்டு சுவர் தாண்டினால் நலிந்துவிடும். ரௌட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால், கைபேசி எதில் இருக்கிறது என்பதே தெரியாது. பழுது தேடும் நாட்களில் மட்டுமாவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்க வேண்டும். தூரத்து அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவோர் அதையும் அந்த அறைக்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது எதைத் திரும்பச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைத்தால்தான் பலன்.

அடாப்டர்

மிக மலிவான பொருள், மிகக் குறைவாகச் சந்தேகிக்கப்படும் பொருளும் இதுவே. ரௌட்டர் நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓடுகிறது. சுவரில் சூடாகத் தொங்கும் அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் அந்தச் சூட்டில் மெல்ல வற்றுகின்றன. அடாப்டர் முழுவதும் சாவதில்லை. பளு ஏறும்போது மட்டும் மின்னழுத்தம் சரிந்து, ரௌட்டர் தானாக அணைந்து எழுகிறது. எழுந்து மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வீட்டார் பார்ப்பது ‘நெட் போய்விட்டு வந்தது’ என்பதை மட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதைச் சொல்லும். யாரும் ஸ்விட்சைத் தொடாமலே அது பத்து நிமிடம் என்று காட்டினால், ரௌட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அப்போது தெரு வயரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அடாப்டரை மாற்ற வேண்டும். புது அடாப்டரில் வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உருளை முனை துளையில் தொளதொளவென்று ஆடினாலும் இதே அறிகுறிதான் வரும்.

இன்வர்ட்டர் இருக்கும் வீடுகளில் கரண்ட் போகும் கணத்தில் விளக்குகள் இமைக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி விழும். விளக்குக்கு அது பொருட்டில்லை. ரௌட்டருக்கு அது மரணம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை நடுவில் மாட்டினால் இந்த இடைவெளி தெரியாது. ஃபைபர் வீடுகளில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. கேபிள்காரரின் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஃபைபர் வழியில் கரண்ட் வேண்டிய கருவி எதுவும் இல்லை. அவர் அறையில் பேட்டரி ஓடும்வரை, தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் இணையம் வரும்.

ஃபைபர் வழியின் குறைகள்

ஃபைபர் முடியும் வெள்ளைப் பெட்டியில் இரண்டு விளக்குகள் முக்கியம். பான் என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஒளி வருகிறது, பெட்டி பதிவாகியிருக்கிறது. அது விடாமல் இமைத்தால் பதிவாக முயன்று தோற்கிறது. லாஸ் என்று எழுதியது சிவப்பாக இமைத்தால் ஒளியே வரவில்லை. பான் பச்சை நிலையாக இருந்தும் இணையம் இல்லையென்றால் கண்ணாடி இழையைத் தொடவே வேண்டாம். பயனர் பெயர், கடவுச்சொல், கட்டணம், அல்லது நிறுவனத்தின் சர்வர் ஆகியவற்றில்தான் குறை.

ஆனால் விட்டு விட்டு வரும் பழுதில் விளக்கு மட்டும் போதாது. ஒளியின் அளவு தெரிய வேண்டும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் என்ற தலைப்பின்கீழ் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு. ஃபைபரில் பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற முறையின் பெட்டி −8க்கும் −27க்கும் இடைப்பட்ட ஒளியைப் படிக்கும்படி செய்யப்பட்டது. −15 முதல் −24 வரை இருந்தால் கவலையில்லை. −25ஐத் தாண்டினால் விளிம்பில் நிற்கிறது. −27ஐத் தொட்டால் சிறு அசைவுக்கும் விழும். இந்த அலகில் ஒவ்வொரு 3 குறைவும் ஒளி பாதியாகிவிட்டதைக் குறிக்கும். இணைப்புக் கொடுத்த நாளில் −19 என்று இருந்து இன்று −25 என்றால், அன்று வந்த ஒளியில் கால் பங்குதான் இன்று வந்து சேர்கிறது. ஒற்றை எண்ணைவிட இந்த மாற்றம்தான் பேசும். ஆகவே புது இணைப்பு கொடுத்துவிட்டு லைன்மேன் கிளம்புவதற்குள் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளி எங்கே சிந்துகிறது? வீட்டுக்குள் பார்க்கக்கூடிய முதல் இடம் வளைவு. ஜன்னல் கதவு இடுக்கில் நசுங்கிய வயர், சோபாவைச் சுவரோடு தள்ளியதில் மடிந்த வயர், மீதி நீளத்தைச் சுருட்டி இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டை என்று இவை கண்ணாலேயே தெரியும். செம்பு வயரை எப்படி வளைத்தாலும் மின்சாரம் போகும். கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவில் வெளியே சிந்திவிடும். வயர் ஒரு தம்ளரின் வாயைவிடச் சிறிய வட்டமாகச் சுருளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது முனை. ஒளி ஓடும் நடு இழையின் விட்டம் சுமார் 9 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதன் வாசலை அடைத்துவிடும். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். வேட்டி நுனியால் துடைத்தால் இன்னும் மோசம். காரணமில்லாமல் அந்த முனையைக் கழற்றவே கூடாது. கழற்ற நேர்ந்தால் மூடி போட்டு வைக்க வேண்டும். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. பச்சை முனையின் வாய் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை நேராகத் தேய்க்கப்பட்டது. பச்சையை நீலத் துளையில் செருகினால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு வீணாகும். அவசரத்தில் கையில் கிடைத்த பேட்ச் கார்டை, அதாவது பெட்டியில் செருகும் குட்டை வயரை, போட்டுவிட்டுப் போகும் வேலைகளில் இந்தத் தவறு நேர்வதுண்டு.

வீட்டுக்கு வெளியே அணிலும் எலியும் வயரைக் கடிக்கும். இபி கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் எறும்பு குடியேறும், மழைநீர் நிற்கும். இழைகளை உருக்கி ஒட்டாமல், விரைவுக் கனெக்டர் போட்டு இறுக்கிய முனை நாள்படத் தளரும். இவை எதையும் வீட்டுக்காரர் தொட முடியாது. ஆனால் பவர் மீட்டரோடு வரும் லைன்மேனிடம் கம்பத்தில் எத்தனை, வீட்டுக்குள் எத்தனை என்று கேட்கலாம். கம்பத்தில் −18, வீட்டில் −26 என்றால் குறை இடையிலுள்ள வயரில். கம்பத்திலேயே −25 என்றால் வீட்டு வயரை மாற்றி ஒரு பயனும் இல்லை. அந்தச் சந்திலேயே பல வீடுகளில் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறதென்றால், ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வரை போக வேண்டும். அபூர்வமாக, ஒரு வீட்டின் பழுதான பெட்டி தன் முறை வராமலே ஒளியை அனுப்பிக்கொண்டிருந்து அந்த ஸ்பிளிட்டரில் உள்ள அத்தனை வீடுகளையும் கெடுக்கும்.

கோஆக்ஸியல் வயரில்

கேபிள் மோடத்தின் அளவுகளை 192.168.100.1 என்ற முகவரியில் பார்க்கலாம். கீழே இறங்கும் சிக்னல் −7 முதல் +7 டிபிஎம்வி வரை, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் 33 டெசிபெலுக்கு மேல், மேலே போகும் சிக்னல் ஏறக்குறைய 35 முதல் 50 வரை இருந்தால் நல்லது. மூன்றாவது எண்ணைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அது 50ஐத் தாண்டினால், வழியில் தேய்மானம் அதிகமாகி, தன் குரல் எட்ட வேண்டும் என்று மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். அதற்கு மேல் கத்த முடியாதபோது இணைப்பு விழும். மோடத்தின் பதிவேட்டில் டி3, டி4 என்ற பிழைகள் வரிசையாக நிற்கும்.

காரணம் பெரும்பாலும் ஸ்பிளிட்டர். இரண்டாகப் பிரிக்கும் ஒன்று சிக்னலில் 3.5 டெசிபெல் எடுத்துக்கொள்ளும், நான்காகப் பிரிப்பது 7. டிவிகள் கூடக்கூட ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிய ஸ்பிளிட்டர்களின் கடைசியில் மோடம் இருந்தால் அதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மோடத்துக்கு முதல் ஸ்பிளிட்டரிலிருந்தே தனி வயர் வர வேண்டும். டிவிக்காக என்றோ மாட்டிய பழைய பூஸ்டர் நடுவில் இருந்தால் அது உடனே வெளியேற வேண்டும். கீழே வரும் சிக்னலை அது பெருக்கும், மேலே போவதை அடைத்துவிடும்.

மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த கனெக்டரைத் திருகிக் கழற்றினால், நன்றாக இருப்பது பளபளக்கும். கெட்டது மங்கிப்போய், உட்புற வலைப்பின்னலில் வெண்பொடியும், செம்பில் பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். சில நேரம் வயரின் உறையை விரலால் அழுத்தினால் தண்ணீரே சொட்டும். அந்த வயரின் நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டால் போதாது. தண்ணீர் உள்ளே ஊர்ந்து போன நீளம் வரை வயரையே மாற்ற வேண்டும். புது வயர் சுவர்த் துளைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. இந்த வகை இணைப்பில் தெருவிலுள்ள சிக்னல் பெருக்கிகளுக்கும் கரண்ட் வேண்டும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் கரண்ட் போனதும் நெட் போகிறதென்றால் காரணம் அதுவே.

லான் வயரில்

லான் வயர் 100 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. மாடி வழியாக வெயிலில் ஓடும் வயரின் உறை நாள்பட வெடித்துப் பொரியும். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் வேகம் 94ஐத் தாண்டவே இல்லையென்றால் வயரின் நான்கு ஜோடிகளில் ஏதோ ஒன்று விட்டுப்போய், இணைப்பு 100க்கு இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்; முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ரௌட்டரின் துளையே 100 எம்பிபிஎஸ் வகையா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி இடிக்கும்போது இந்த வயரைக் கழற்றி வைப்பது நல்லது. வெளியே ஓடும் செம்பு வயர் வழியே வரும் மின்பாய்ச்சல் ரௌட்டரின் அந்தத் துளையை மட்டும் எரித்துவிட்டுப் போகும்.

இரவு நெரிசல்

ஒரு ஜிபான் வழியின் கொள்ளளவு கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதைவிட அடிக்கடி மூச்சுத் திணறுவது, கேபிள்காரர் மேலே வாங்கியிருக்கும் மொத்த இணைப்பு. லான் வயரில் மாட்டிய கணினியில் காலை ஏழு மணிக்கு 5, 6 என்று வந்த முதல் நிறுத்தத்தின் பிங், இரவு பத்து மணிக்கு 150, 200 என்று ஏறினால் நெரிசல் உறுதி. வீட்டுக்குள் எதை மாற்றினாலும் அது தீராது.

அப்படித் தீர்ப்புச் சொல்லும் முன், வீடே அந்த வழியை அடைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கைபேசி சார்ஜில் போட்ட நேரம் பார்த்து நூற்றுக்கணக்கான படங்களை மேகக் கிடங்குக்கு ஏற்றும். வாசல் கேமரா நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றும் வழி அடைபட்டால் இறங்கும் வழியும் தவிக்கும். பிங் ஓடும்போது இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது காரணம் என்று தெரியும். ரௌட்டரில் ஏற்றும் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க வசதியிருந்தால், பிளானில் சொன்ன அளவின் 85 விழுக்காட்டில் வைப்பது உடனே பலன் தரும். ஓடத் தொடங்கிய வீடியோ தடையின்றி ஓடுகிறது, புதுப் பக்கங்கள் திறக்க மட்டும் நேரமாகிறது என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம்.

புகார் கொடுத்தல்

"நெட் சரியில்லை" என்பது புகாராகாது. "3ஆம் தேதியிலிருந்து தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் போகிறது, பான் விளக்கு இமைக்கிறது, ஆர்எக்ஸ் பவர் −26.4, இணைப்புக் கொடுத்தபோது −19, லான் வயரில் பார்த்தது, அடாப்டர் மாற்றியாயிற்று" என்று வாட்ஸப்பில் எழுதி, பிங் ஜன்னலின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் வருகிறவர் பவர் மீட்டரோடும் வயரோடும் வருவார். பல தெருக்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் லைன்மேனுக்கு இது பெரிய உதவி. அவர் கம்பத்தில் ஏறும் முன் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

கேபிள்காரரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு, பில்லில் பெயர் உள்ள நிறுவனத்தின் எண்ணிலும் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தருவது நிறுவனத்தின் கடமை. அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியுண்டு; தொலைத்தொடர்புச் சேவைகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருபவையே என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் எண் இல்லாமல் இந்தப் படிகளில் ஏறுவது கடினம்.

வேலை முடிந்ததும் ஆர்எக்ஸ் பவரைக் குறித்துக்கொண்டு, பழுது வழக்கமாக வந்த அதே நேரத்தில் மூன்று நாள் பிங் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். லைன்மேன் கிளம்பும்போதே புகாரை முடித்துவைக்க ஓடிபி கேட்டால், மூன்று நாள் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லலாம். மழையில் வந்த பழுதாக இருந்தால் அடுத்த மழை பெய்து, ஓர் இரவு கடக்கும்வரை அந்தப் புகார் திறந்தே இருக்க வேண்டும்.